இருபத்தேழாம் எண் அழைக்கப்போகும் பெயர்

முப்பத்தோர் ஆண்டுகள் மொழியை ஊட்டி வளர்த்த மூத்த ஆசிரியையே! கரும்பலகைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே கால் ஓயாமல் நடந்த கனிவின் வடிவே! சிவப்பு மையைச் சிக்கனமாகவும் சிரிப்பைத் தாராளமாகவும் செலவிட்ட செம்மலே! எங்கள் ஆசிரியர் அறையின் ஜன்னலோர நாற்காலிக்கு உரியவரே! தங்களை வணங்கி இம்மடலை வாசிக்கிறோம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பணி நிறைவு பெறுவோருக்கு நாங்கள் வாசிக்கும் மடல், எழுத்தரின் கணினியில் பல ஆண்டுகளாக ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றி, சட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிடுவோம். தாங்களோ, பெயரைப் பற்றி ஆண்டுதோறும் நடத்தும் அந்தக் கவிதையை வகுப்பில் நடத்திய கையோடு அறைக்குள் வந்து, மடலில் தங்கள் பெயர் ஓரிடத்திலும் வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டீர்கள். பெயரை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்த கணக்கு ஆசிரியருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "இது போன வருஷம் ரிட்டையர் ஆன டிரில் மாஸ்டருக்கும் பொருந்துதே" என்றார். பொருந்தாமல் என்ன செய்யும்? அவருக்கு வாசித்ததும் அதைத்தான்! அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தோம்.

அந்தக் கவிதை ஆறே வரி. பெயர் தெரியாமல் வாழ்வதன் நிம்மதியையும், ஊரெல்லாம் பெயர் முழங்குவதன் அலுப்பையும் சொல்லும் பழைய கவிதை. ஆண்டுதோறும் அதை நடத்தி முடித்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, ‘பேரும் புகழும் உனக்கு வேண்டுமா?’ என்ற கேள்விக்குப் பெயர் போடாமல் பதில் எழுதச் சொல்வது தங்கள் வழக்கம். தன் பெயரைப் பேருந்தின் பக்கவாட்டில் பார்க்க ஆசைப்பட்டவன் உண்டு. பெயர் வேண்டாம், ஃபோட்டோ மட்டும் போதும் என்று பேரம் பேசியவள் உண்டு. எல்லாவற்றையும் உரக்கப் படிப்பீர்கள். எந்தக் கையெழுத்து யாருடையது என்பது தங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் ஒரு நாளும் வாய் தவறிச் சொன்னதில்லை. கடைசியில், பெயரில்லாமல் இருப்பதே பெரிது என்று முடித்து வைப்பீர்கள்.

இந்த ஆண்டு அப்படிப் படித்துக்கொண்டே வந்தபோது முப்பத்தொன்பதாவதாக ஒரு சீட்டு வந்தது. "பேர் வேணாம்னு சொல்றதுக்கு, முதல்ல யாராவது நம்மளப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கணும் டீச்சர். வீட்ல நான் அக்காவோட தங்கச்சி. இங்க ஒரு நம்பர்." தங்கள் வகுப்பிலிருந்து சத்தமே வரவில்லையே என்று பயந்து, அடுத்த அறை அறிவியல் ஆசிரியை எட்டிப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நம் பள்ளியில் வருகைப் பதிவுக்கு எண்ணைத்தான் கூப்பிடுவோம். நாற்பத்திரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடுவார்கள். மறுநாள் காலை தாங்கள் எண்ணை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெயரையும் முழுதாக, நிதானமாகக் கூப்பிட்டீர்கள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இருபத்தேழாம் இடத்தில் பதில் வரவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே அந்தப் பெண்ணுக்கு உறைக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் இடித்த பிறகுதான் எழுந்தாள். பதிவு முடியப் பதினொரு நிமிடம் ஆயிற்று. "முப்பத்தோரு வருஷமா இந்தக் கவிதையில பாதியத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்று தாங்கள் பிள்ளைகளிடமே சொன்னதைக் கேட்டு எங்களுக்குப் புல்லரித்தது, தாயே! இப்போது எல்லா வகுப்பிலும் பெயர்தான் கூப்பிடுகிறோம். முதல் பாட வேளையில் பாதி போய்விடுகிறதென்று தலைமையாசிரியர் புலம்பிக்கொண்டே, தாமும் கூப்பிடுகிறார்.

ஆனாலும் மடலில் பெயர் வேண்டாம் என்பதில் தாங்கள் பிடித்த பிடியை விடவில்லை. அது பிள்ளைகள் காதுக்கும் எட்டிவிட்டது. போன வாரம் இடைவேளையில் அதே பெண் ஆசிரியர் அறைக்கு வந்தாள். வகுப்பில் வாய் திறக்கவே யோசிப்பவள், எங்கள் அத்தனை பேர் முன்னாலும் நின்று சொன்னாள்: "அந்தச் சீட்டு எழுதினது நான்தான். எங்க டீச்சரப் பேர் இல்லாம அனுப்பிடாதீங்க."

தங்கள் சொல்லைக் காப்பதா, அவள் கேட்டதைக் கொடுப்பதா? தேநீர் ஆறும் வரை வாதாடினோம், குரல் உயர்த்தினோம், இரண்டு பேர் பேச்சுவார்த்தையைக்கூட நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் வழி கிடைத்தது. இம்மடலை எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். தங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. மடலைப் பற்றித்தான் தாங்கள் தடை சொன்னீர்கள். குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மணியடிக்காத காலைகளும், வலிக்காத முழங்கால்களும், திருத்த வேண்டாத புத்தகங்களும் தங்களுக்கு வாய்க்கட்டும்! நூறாண்டு நலமாக இருந்து, எங்கள் தவறுகளைத் தொலைபேசியிலாவது திருத்துங்கள்!

இதோ, வாசித்து முடித்துவிட்டோம். இப்போது அந்த மாணவி வருகைப் பதிவேட்டோடு மேடையேறுவாள். அதில் நாற்பத்து மூன்றாவதாக ஒரு பெயரை அவளே எழுதியிருக்கிறாள். அதை முழுதாக, நிதானமாகக் கூப்பிடுவாள். தயவுசெய்து எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "உள்ளேன்" என்று சொல்லுங்கள்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்,
ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்