அக்கானி பேசுது

நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் போகிற பஸ்ஸில், சித்திரை வெயிலில், எனக்கு முன் இருக்கையில் ஒரு மைனியும் அவள் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் ஒரு கலயம் நிறைய அக்கானி. வெளியூர்க்காரர்கள் பதநீர் என்பார்களே, அதுதான். நாத்தனார் திடீரென்று சொன்னாள்:

“மைனி, அக்கானி பேசுது.”

“பஸ்ஸு குலுங்குதுல்லா, அதான் ஏட்டி.”

“இல்ல, நுரைச்சுப் பேசுது. பனையேறி கலயத்துல சுண்ணாம்பு தடவினாரா? தடவலன்னா இது கள்ளுல்லா! நாம போறது சபையில கள்ளு ஒழிப்புக் கூட்டத்துக்கு. உபதேசியாருக்கு இதையா குடுக்க?”

மைனி ஒரு சிரட்டை மொண்டு குடித்தாள். “லேசாப் புளிக்கு. உள்ள போட்ட மாங்காப் புளிப்புதான்.”

நாத்தனாரும் ஒரு சிரட்டை குடித்தாள். “ஆமா, மாங்காதான்.”

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. வழிநெடுக மாறி மாறி மொண்டு பார்த்தார்கள். எனக்கு நாக்கு ஊறியது. கலயம் பாதியானபோது மைனி ஞானப்பாட்டு ஒன்றை உரக்கத் தொடங்கினாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“மாங்காய நல்லாப் பொடிசா அரிஞ்சு போட்டிருக்கட்டி. ஒரு துண்டுகூட வாயில தட்டல.”

“நான் எங்க போட்டேன்? நீங்கல்லா போட்டதுன்னு நெனச்சேன்!”

இருவரும் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அக்கானி மட்டும்தான் பேசியது.

“அப்போ உபதேசியாருக்கு, மைனி?”

“அவருக்கு எளனி போதும். கலயத்த இங்கோட்டு நீக்கு.”