நான்காவது வரி

என் வாக்குமூலத்தை எழுதுகிற உங்கள் ஸ்டெனோ பேனாவை ரொம்ப அழுத்திப் பிடிக்கிறார். இப்படிப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். எனக்கும் ஆரம்பத்தில் அந்தப் பழக்கம் இருந்தது. பிறகு மரத்துப்போவதே பழகிவிட்டது. நான் நிதானமாகத்தான் பேசுவேன், அவர் அவசரப்பட வேண்டாம்.

மாவட்ட நீதிபதியிடம் பத்தொன்பது வருடம் சுருக்கெழுத்து எழுதினேன். அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் 'கமா ஐயா' என்போம். தீர்ப்பு சொல்லும்போது நிறுத்தக்குறிகளையும் சேர்த்தே சொல்வார். வீட்டிலும் "தண்ணி, கமா, உப்பு, முற்றுப்புள்ளி" என்றுதான் கேட்பாராம் என்று பியூன் சொல்லிச் சிரிப்பார்.

அவரிடம் கறார் ஒன்றே ஒன்றுதான். "இதோட போதும்" என்று அவர் சொல்லும்வரை பேனா தாளை விட்டு எழக் கூடாது. நடுவில் போன் பேசுவார், யாரையாவது திட்டுவார். அதிலும் தீர்ப்புக்கு வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிறகு சொல்வார். அதனால் காதில் விழுந்ததையெல்லாம் என் கை எழுதிவிடும், என்னைக் கேட்காது. டிக்டேஷன் நேரத்தில் யாரும் உள்ளே வராமல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதும் என் வேலை. கதவை ஒட்டித்தான் என் நாற்காலி.

அண்ணன் மகளை அங்கே டைப்பிஸ்டாகச் சேர்த்துவிட்டது நான்தான். "நீ இருக்கிற எடம்னுதான்டா அனுப்புறேன்" என்றார் அண்ணன். கெட்டிக்காரப் பெண். ஒரு எழுத்து பிசகாது.

அது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே கால். அவள் கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வழக்கப்படி மறுபடியும் தாழ்ப்பாள் போட்டேன். நீதிபதி ஒரு நில வழக்கின் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். "வாதியின் தரப்பில்" என்றார், "கமா" என்றார். கோப்பை வாங்கப் போனவர் அவளைப் பிடித்துக்கொண்டார். அவர் மேஜைக்கும் என் நாற்காலிக்கும் நடுவில் ஒரு பீரோ, அவ்வளவுதான். ஏழு நிமிடம் இருக்கும். பிறகு அந்தக் கமாவிலிருந்தே தொடர்ந்தார். "இதோட போதும்" என்றபோது நான் எழுந்து கதவைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் போனாள். எனக்குத் தட்டச்சு வேலை நிறைய இருந்தது.

ஒரு வருடம் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு உயர் நீதிமன்றத்துக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார்கள். அவரைப் போல நேர்மையானவர் உண்டா என்று ஒரு பத்திரிகை தலையில் தூக்கி வைத்துக்கொண்டது, இன்னொன்று கிழி கிழியென்று கிழித்தது. அந்த நேரத்தில்தான் அவள், நியமனத்தை விசாரிக்கிற ஒப்புதல் குழுவுக்குப் பிரமாணப் பத்திரம் அனுப்பினாள். கடைசிப் பத்தியில் என்னைப் பற்றி எழுதியிருந்தாள். சித்தப்பா பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருந்தார், அவர் நோட்டில் எல்லாம் இருக்கும் என்று.

இருந்தது. நோட்டுகளை மூன்று வருடம் பதிவறையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. குழு அதை வரவழைத்து என் முன்னால் வைத்தது. பெரிய கூடம், ஏழு உறுப்பினர்கள், ஏகப்பட்ட கேமரா. அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கடந்து போகும்போது, "பயப்படாம படிங்க சித்தப்பா" என்றாள். அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

"வாதியின் தரப்பில், சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்கள்" என்று படித்தேன். கமாவுக்கு எவ்வளவு மூச்சு விட வேண்டுமோ அவ்வளவுதான் விட்டேன். வேறொரு நிபுணரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். பத்தொன்பது வருடத்தில் என் எழுத்து என் கைக்கு மட்டும் புரிகிற எழுத்தாகிவிட்டது, அவர் உதட்டைப் பிதுக்கினார். நியமனம் உறுதியானது. பொய்ப் பிரமாணம் செய்ததாக அவளுக்கு ஒரு வருடச் சிறை. பதவியேற்பில் எனக்கு மூன்றாவது வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். அண்ணன் அதன் பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். யோசித்துத்தான் செய்தேன். அவர் எழுதிய தீர்ப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவர் விழுந்தால் தோற்றவர்கள் அத்தனை பேரும் மறுபடி கோர்ட் படியேறுவார்கள். சின்ன வயது, அவள் எப்படியும் தேறிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. நான்கு வரிகளைத் தாண்டிப் படித்தேன், அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்த டீச்சர் இன்னும் உயிரோடு இருப்பார் என்று நினைக்கவில்லை. நீங்கள் தேடிப் பிடித்துவிட்டீர்கள். என் கை கோணல்களெல்லாம் அவருக்கு அத்துப்படி. மூன்று வரிகளை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். "சித்தப்பா." "சித்தப்பா, இங்க வாங்க." "சித்தப்பா, கதவையாவது தெறங்க."

நான்காவதை அவராலும் படிக்க முடியவில்லை என்கிறீர்கள். அது கிறுக்கலாகத்தான் இருக்கும், பேசிக்கொண்டே எழுதினால் அப்படித்தான் வரும். நீதிபதி ஏதோ மிரட்டியிருப்பார், அதை மறைக்கத்தான் தாண்டினேன் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்த ஏழு நிமிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நானே படித்துவிடுகிறேன். நோட்டை இப்படித் திருப்புங்கள்.

"கொஞ்சம் பொறும்மா, டிக்டேஷன் இன்னும் முடியல."