நண்டுக்கறிக்கு முதல் மியூசியம்

...போட்டினம் பிள்ளை. என்னை விட்டிட்டுப் போட்டினம். உந்தப் பையைக் கொஞ்சம் அரக்கி வையும், இருக்கிறன்... ம்ம். சுன்னாகத்திலை ஏறி நிண்டுகொண்டே வாறன். மருதனார்மடத்திலை ஆரோ இறங்கினபடியா இப்பதான் இடம் கிடைச்சுது. இந்தச் சாறியைப் பாரும். காஞ்சிபுரம். பஸ்ஸிலை நசிபடவோ நான் இதை விடிய எழும்பி அயன் பண்ணினனான்? வாடகை வானிலை போறதுக்குப் பிள்ளை, ஏசி வானிலை. அந்த வானைப் பிடிச்சதே நான்தான். இப்ப வான் முன்னாலை போட்டுது, நான் பின்னாலை பஸ்ஸிலை கலைச்சுக்கொண்டு போறன்.

எங்கையோ? மியூசியத்துக்கு. சிரிக்காதையும்.

இவரின்ரை தங்கச்சி, என்ரை மச்சாள் உதயகலா, கனடாவிலையிருந்து மனிசன் பிள்ளையளோடை லீவுக்கு வந்து நிக்கிறா. வந்த கையோடை பிள்ளையளுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டோணும் எண்டு துவங்கிட்டா. இவரைக் கேட்டா, "கோட்டையைக் காட்டு, ஐஸ்கிறீம் வாங்கிக் குடு, காணும்" எண்டிட்டுப் பேப்பருக்குள்ளை தலையை விட்டிட்டார். அப்ப ஆர் யோசிக்கிறது? பராசக்திதான். என்ரை பேர் பராசக்தி. பேரிலை மட்டும் சக்திக்குக் குறைவில்லை.

நான், பாரும், வெங்காயத்துக்குத் தண்ணி மாறுற மாதிரி ஒழுங்கு போட்டன். ஒரு பாத்தி நிரம்ப அடுத்த பாத்தி. காலமை வெய்யில் ஏற முதல் மியூசியம். அது முடிய, கிட்டத்திலை ஒரு மண்டபத்திலை கம்பசிலை படிக்கிற பிள்ளையள் கீறின படங்களைக் கண்காட்சியா வைச்சிருக்கினமாம், அங்கை. மண்டபத்திலை ஃபேன் சுத்துதோ எண்டு ஆளை விட்டு விசாரிச்சனான். படத்திலை இருக்கிற ஆக்கள் உடுப்புப் போட்டிருக்கினமோ எண்டும் கேட்டனான், இவரும் வாறார்தானே... பிறகு மத்தியானம் யாழ்ப்பாண ரவுணுக்கை நண்டுக்கறிச் சாப்பாடு. ஏன் இண்டைக்கு நாள் வைச்சனான் தெரியுமோ? நாளைக்கு நல்லூர்க் கொடியேத்தம். கொடி ஏறினா எங்கடை வீட்டிலை மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை, திருவிழா முடியுமட்டும் கத்தரிக்காய்தான். மச்சாளின்ரை மனிசன் கனடாவிலையிருந்தே நண்டைக் கனவு கண்டுகொண்டு வந்தவர். அந்தாளைக் கத்தரிக்காயோடை திருப்பி அனுப்ப ஏலுமே? கடைக்குச் சொல்லி, காலமையே நல்ல பெரிய நண்டா எடுத்து வைக்கச் சொல்லிப்போட்டன்.

மச்சாளுக்காக, பிள்ளையளுக்காக, நண்டுக்காக எண்டெல்லாம் சொல்லுறன்... பொய். எனக்குத்தான் ஆசை.

எனக்கு ஊர் கந்தரோடை, பிள்ளை. எங்கடை தோட்டத்துக்கு அங்காலை உள்ள காணியளுக்கை அந்தக் காலத்திலை கிண்டியெடுத்த மணியள், காசுகள், பானையோடு எல்லாம் அந்த மியூசியத்திலைதான் கண்ணாடிக்குள்ளை கிடக்காம். அதே மண்ணைத்தான் நானும் கலியாணம் கட்டி வந்த நாள்முதல் கிண்டுறன். எனக்கு வந்தது வெங்காயம். மற்றதை ஒருநாளாவது போய்க் கண்ணாலை பாத்தனானோ? இல்லை. ரவுணுக்குப் போகாமலே இருந்தனான்? ஆஸ்பத்திரிக்குப் போறம், கலியாணவீடு, செத்தவீடு எண்டு போறம். ஆனா மியூசியத்துக்கெண்டு ஒரு பொம்பிளை சீலை உடுத்து வெளிக்கிட்டா, சனம் என்ன கதைக்கும்? மச்சாள் வந்தது எனக்கொரு நல்ல சாட்டு.

பேந்து ஏன் பஸ்ஸிலை வாறன் எண்டு கேக்கிறீர். பொறும், அதுக்குத்தான் வாறன்.

வான் வாசல் படலையடியிலை நிக்குது. எல்லாரும் ஏறீட்டினம். யன்னல் பக்கம் எனக்கொரு சீற் கிடக்கு. அந்த நேரம் பாத்து அயல்வீட்டு ஏரம்பு அண்ணை சாரத்தை முழங்காலுக்கு மேலை மடிச்சுச் சண்டிக்கட்டுக் கட்டிக்கொண்டு வாறார், என்ன விசேசமெண்டு விடுப்புப் பாக்க. ஒரு மனிசன் படலையிலை நிக்கேக்கை நாங்கள் எங்கடை பாட்டிலை ஏறிப் போக ஏலுமே? "அண்ணை, நீங்களும் வாங்கோவன்" எண்டன். மரியாதைக்கு, பிள்ளை. வெறும் மரியாதைக்கு. அதுக்கு அவர் என்ன சொல்லோணும்? "இல்லைப் பிள்ளை, மாடு அவிட்டுக் கட்டக் கிடக்கு, நீங்கள் போட்டு வாங்கோ" எண்டோணும். அதுதானே முறை? மனிசன் "ஓம், வாறன்" எண்டிட்டு, சண்டிக்கட்டை அவிட்டு விட்டுக்கொண்டு ஏறி, என்ரை சீற்றிலை இருந்திட்டார்.

சரி, அதோடையாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "கொஞ்சம் அரக்குங்கோ" எண்டு நெருக்கிக்கொண்டு ஏறியிருக்கலாம். செய்தனானோ? "எனக்கென்னத்துக்கு உதெல்லாம், நான் வீட்டிலை நிக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" எண்டன்.

அதுவும் மரியாதைக்குத்தான். மச்சாள் இறங்கி வந்து, "என்ன விசர்க்கதை, வாங்கோ" எண்டு கையிலை பிடிச்சு இழுக்கோணும். நான் மாட்டன் எண்டோணும். அவ கோவிக்கோணும். பேந்துதான் நான் ஏறுறது. ஒரு தேத்தண்ணி குடிக்கிறதெண்டாலும் ரண்டு மூண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லித்தானே குடிக்கிறனாங்கள்? அவ பாவம், கனடாவிலை உதெல்லாம் மறந்துபோனா. "ஓ, அப்பிடியோ மச்சாள்? வடிவா றெஸ்ற் எடுங்கோ" எண்டிட்டுக் கதவை இழுத்துச் சாத்திட்டா.

இவரோ? முன்சீற்றிலை. இத்தினை காலம் என்னோடை குடும்பம் நடத்தின மனிசன். நான் வேண்டாம் எண்டா வேணும் எண்டு அர்த்தம், அது அவருக்குத் தெரியாதே? திரும்பியும் பாக்கேல்லை.

நான் படலையிலை நிண்டு கையும் காட்டினன். சிரிச்சுக்கொண்டு காட்டினன். பேந்து உள்ளை போய்க் கதிரையிலை இருந்து அழுதன். ஓம் பிள்ளை, இந்த வயசிலை, ஒரு பானையோட்டுக்காக. அழுது முடிய முகத்தைக் கழுவி, பவுடரும் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிட்டன். எவ்வளவு நேரம்தான் அழுறது...

கொஞ்சம் பொறும், போன் அடிக்குது. அவதான்.

"ஓம் மச்சாள்... ஓ, மியூசியத்துக்குள்ளை நிக்கிறியளோ... ஆர், நானோ? வீட்டிலைதான்... வானைத் திருப்பி அனுப்பிறதோ? சீச்சீ, வேண்டாம் வேண்டாம். நான் உதுகளைப் பாத்து என்ன செய்யிறது... அந்தச் சத்தமோ? அது... ரீவி மச்சாள். படம் ஒண்டு போகுது. ஓம், பஸ்ஸுக்குள்ளை சண்டை... சரி, வைக்கிறன்."

உப்பிடிப் பாக்காதையும் பிள்ளை. நான் சொன்னது எனக்கும் கேட்டதுதான். வான் அனுப்பட்டோ எண்டு அவ வாய் திறந்து கேக்கிறா, நான் ரீவி பாக்கிறனாம்.

என்னது? திருப்பி எடுத்து உள்ளதைச் சொல்லுறதோ? எப்பிடி... "மச்சாள், எனக்கும் பாக்க ஆசையாக் கிடக்கு, நில்லுங்கோ, வாறன்." அவ்வளவுதானே? பாத்தீரே, வாயிலை வருது. ஒரு கஷ்டமுமில்லை. எடுக்கிறன், இரும்.

"ஹலோ, மச்சாள்? ஓம், திருப்பியும் நான்தான்... ஒண்டுமில்லை... சும்மா... பிள்ளையளுக்குத் தொப்பி கொண்டு போனியளோ எண்டு கேக்கத்தான். வெய்யில் கண்டியளே... ஓம். ஓம். எல்லாத்தையும் வடிவாப் பாருங்கோ."

...வைச்சிட்டன்.

நாவலர் றோட்டுச் சந்தி வருது, கொஞ்சம் வழி விடும். இல்லையில்லை, வீட்டை திரும்பேல்லை. அவை எப்ப வெளியிலை வருவினம், அங்கையிருந்து எங்கை போவினம் எண்டெல்லாம் எனக்கு அச்சொட்டாத் தெரியும். ஒழுங்கு போட்டதே நான்தானே. றோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மர நிழலிலை குடையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். வான் வெளிக்கிட, நான் உள்ளை போறன். தனியப் போய், ஆற அமர, எங்கடை காணிச் சாமானைப் பாத்து முடிக்கிறன். அவை நண்டு உடைச்சு முடியிறதுக்குள்ளை பஸ் பிடிச்சு வீட்டை போய், சாறியை மாத்தி, அடுப்படியிலை நிக்கோணும்.

பின்னேரம் ஏரம்பு அண்ணை வந்திருந்து, மியூசியத்திலை என்னென்ன கிடக்கு எண்டு எனக்கு விளங்கப்படுத்துவார். நான் ஒண்டும் அறியாத ஆள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கேக்கோணும் பிள்ளை.