ஏரிக்கரையில் அவர் பக்கத்தில் நின்றவள்

கல் விழுகிறது. முதலில் தகரக் கூரையில். டங். அடுத்தது தண்ணீர்த் தொட்டியில். அது வேறு சத்தம், பானை உடைகிற மாதிரி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிறேன்.

"உள்ள போங்க, கல்லு வருது!" யாரோ கத்துகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை. காலை. புத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. சாவு விழுந்தால் ஏரிக்கரை வழியாகச் சுடுகாட்டுக்குப் போகலாம் என்று எம்ஆர்ஓ, அதுதான் தாசில்தார், உத்தரவு போட்டிருந்தார். ஊர்த் தெருக்காரர்கள் ஒப்பவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு சாவு. பாடை தெருமுனையைத் தாண்டவில்லை. அதற்குள் கல். எங்கள் பையன்களும் எடுத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் ஓடவில்லை. ஏழுமலை. கொத்து வேலை. கரையின் நடுவில் வெறுங்கையோடு நிற்கிறார். பக்கத்தில் சரோஜா. ஊர்த் தெரு அங்கன்வாடி டீச்சர். இரு பக்கத்தையும் மறித்துக்கொண்டு, தோளோடு தோள்.

அத்தனை கல்லுக்கு நடுவிலும் எனக்கு வயிறு எரிந்தது. அங்கே நிற்க அவளா?

புதிதாக எரியவில்லை. சித்தூரில் ஒரு வீட்டில் குவேக்கர்கள் என்று, சண்டையே கூடாது என்கிற கிறிஸ்தவர்கள் சில பேர், சாமி கும்பிடக் கூடுவார்கள். திருப்பி அடிக்காமல் சண்டையை எப்படி நிறுத்துவது என்று பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு தெருவிலிருந்தும் ஆள் கேட்டார்கள். இவர் போனார். அவளும் போனாள். பயிற்சி முடிந்த பிறகும் ஞாயிறுதோறும் பஸ் ஏறினார்கள். அங்கே பாட்டு இல்லை, பூசாரி இல்லை. வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பார்களாம்.

"பேசாம குந்திக்கினு இருக்கறதுக்கு சித்தூர் வரைக்கும் போவணுமா? என்கூட குந்தக் கூடாதா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "நீயும் வாயேன்."

போகவில்லை. அவள் இருக்கிற இடத்துக்கு நான் ஏன் போக?

தப்பாக யாரும் பேசியதில்லை. நானும் நினைக்கவில்லை. ஆனால் அங்கே அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவள் பார்த்திருக்கிறாள். நான் பார்த்ததில்லை.

பெரிய கல் ஒன்று வருகிறது. யார் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது. சத்தம் சின்னது. ஈரத் துணியை ஒருமுறை அடித்த மாதிரி. அவர் உட்கார்ந்தார். சாய்ந்தார். சரோஜா அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டு கத்தினாள். "நிறுத்துங்க!"

நின்றது. அவள் கத்தியதாலா, அவர் விழுந்ததாலா? ஊர் அவள் பெயரைத்தான் சொல்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பேச்சில்லை. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வடமாலப்பேட்டை தாண்டி, மூச்சும் இல்லை.

அன்று மாலை அந்தப் பாடை ஏரிக்கரை வழியாகவே போனது. யாரும் தடுக்கவில்லை. மறுநாள் அதே வழியில் இவர் போனார்.

காரியத்துக்குச் சரோஜா வந்தாள். தனியாக அழைத்துக் கேட்டேன்.

"கடைசியா என்னா சொன்னாரு?"

"யாரும் திருப்பி அடிக்க வேணாம்னாரு, அக்கா. அப்புறம் உங்க பேரச் சொன்னாரு."

"பேரு மட்டுமா?"

"பேரு மட்டும்தான்."

அழுதாள். எனக்கு முன்னால் அவள் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமை சித்தூர் பஸ்ஸில் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

போனவற்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஏழு வீட்டுக் கூரை. தண்ணீர்த் தொட்டி. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனின் இடது கண். ஊர்த் தெருவில் ஒரு பெரியவரின் கை எலும்பு, புத்தூர்க் கட்டுப் போட்டும் கூடவில்லை. உயிர் ஒன்று, ஏழுமலை, வயது முப்பத்தெட்டு. அவர் கடைசியாக என் பெயரைச் சொன்ன குரல். அது அவள் காதோடு போயிற்று.