சைகோன் இஸ்திரிப் பெட்டி

"ரெண்டு மடங்கு இல்ல மச்சான், நாலு மடங்கு!"

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். சொன்னவன் எலக்ட்ரிக்கல் படிக்கிறவனாம். பக்கத்தில், சைகோனிலிருந்து வந்திருக்கும் அவன் அக்கா புருஷன். அவர் மடியில், அங்கிருந்து கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டி, கருகிப்போய்.

"அங்க நூத்திப்பத்து வோல்ட், இங்க அதுக்கு டபுள். பெட்டிக்குள்ள இருக்கற கம்பியோட ரெசிஸ்டன்ஸ் அதேதான். அப்ப கரண்டும் டபுளா ஏறும். வோல்ட்டையும் கரண்டையும் பெருக்குனா பவர் நாலு மடங்கு. கருகாம என்ன பண்ணும்?"

"சொந்தக்காரங்க அத்தினி பேரையும் கூட்டி வச்சுதான் என் மாமனாரு, உங்க அத்தா, சுச்சுப் போட்டாரு. எல்லார் முன்னாடியும் பொகைஞ்சிச்சு. இனி மொகத்த எங்க வச்சுக்கறது?"

"எட்டு வருசம் இருந்தீங்க. அங்க எத்தினி வோல்ட்டுன்னு கூடவா தெரியாது? ஃபேனுக்கு அடியில படுக்கறேன், ராவெல்லாம் லைட்டு எரியுதுன்னு அக்காவுக்கு எழுதுனீங்களே?"

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியது. மச்சான் பெட்டியைத் துண்டால் மூடினார்.

"உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம். நான் படுத்தது வேலை பாத்த கடைக்குப் பின்னாடி, மூட்டை அடுக்குற குடோன்ல. அங்க கரண்டே கெடையாது."