ஜெபராஜின் கை நடுங்கவில்லை

பெயர் மெட்டில்டா, வயது 41, தகப்பனார் பெயர் எலியேசர், கிழக்குத் தாம்பரம். 19.7.1974 வெள்ளிக்கிழமை காலை போலீசார் விசாரித்ததன் பேரில் நான் சொல்லும் வாக்குமூலம்.

நான் சேலையூரில், போதைப் பழக்கமுள்ளவர்களைத் தங்கவைத்துத் திருத்தும் விடுதியில் மூன்று வருடமாக நர்ஸ். விடுதியை நடத்துபவர் வேதசிரோமணி ஐயா. வந்த அன்றே மருந்தை அடியோடு நிறுத்தி, அறையில் பூட்டி, ஜெபம் செய்வதுதான் அங்கே வைத்தியம். தூக்க மாத்திரையை அப்படி நிறுத்தினால் வலிப்பு வரும், சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும் என்று முன்பு ஆஸ்பத்திரி வேலையில் கற்றிருந்தேன். ஐயாவிடம் சொன்னேன். விசுவாசக் குறைச்சல் என்றார்.

ஜூன் கடைசியில் பல்லாவரம் ஜெபராஜ் என்ற கிளார்க் வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த ஒரு டப்பா தூக்க மாத்திரையைக் கக்கூசில் கொட்டும்படி ஐயா சொன்னார். நான் கொட்டாமல் பஞ்சு டின்னில் ஒளித்துவைத்து, தினமும் பொடித்து, கசப்பு தெரியாமலிருக்கச் சுக்குக் காப்பியில் கலந்து கொடுத்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அது ஜெபராஜுக்கும் தெரியாது.

அதன் பிறகு 14-ஆம் தேதி ஞாயிறு ஆராதனையில் ஜெபராஜ் தாம் குணமானதைப் பற்றிச் சாட்சி சொன்னார். சாட்சி சொல்பவர் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பிய டம்ளரைப் பிடித்துக்காட்டுவது அங்கே வழக்கம். "ஒரு மாத்திரைகூட இல்லாம நிக்கிறேன், பாருங்க" என்றார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஐயா அழுதார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை அனகாபுத்தூர் மைதீன் பிச்சையை அவர் மனைவி ஜஹீரா கொண்டுவந்து சேர்த்தார். அவருக்கும் அதே மாத்திரைதான். மீதி மாத்திரைகளை வரும் வழியில் ஆற்றில் எறிந்துவிட்டதாக அந்த அம்மாள் சந்தோஷமாகச் சொன்னார். அறையைப் பூட்டி, சாவியை ஐயா வைத்துக்கொண்டார். வியாழன் காலை மைதீன் பிச்சை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கை நிக்க மாட்டேங்குது, எனுக்கு இன்னாமோ ஆவுது" என்றார். சட்டை முழுக்க வேர்வை. நான் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஜெபராஜுக்கு ஒண்ணும் ஆகலியே சிஸ்டர்? இவன் நடிக்கிறான்" என்றார் ஐயா.

ஜெபராஜுக்கு மாத்திரை கலந்து கொடுத்ததை நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெபராஜின் முகமும் நினைவுக்கு வந்தது. ஆனால் முதலில் நினைத்தது வேலையைத்தான்.

அதன் பிறகு பகல் இரண்டு மணிக்கு அறைக்குள் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தபோது வலிப்பில் தலை சுவரில் மோதிக்கொண்டிருந்தது. டாக்சியில் ஏற்றிப் போனோம். குரோம்பேட்டை தாண்டுவதற்குள் என் மடியிலேயே உயிர் போய்விட்டது.

வேதசிரோமணி ஐயா கெட்டவர் அல்ல. கண்ணால் பார்த்ததை நம்பினார். பார்க்க வைத்தவள் நான்.

மீதியிருந்த பதினான்கு மாத்திரைகளை நேற்று மாலை நானே பஞ்சு டின்னிலிருந்து எடுத்துப் போலீசாரிடம் கொடுத்தேன். அவை ஜெபராஜுக்கு இன்னும் இரண்டு வாரம் தேவைப்படுபவை. நேற்றிலிருந்து அவர் குடிப்பது வெறும் சுக்குக் காப்பி. இந்த வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக்காட்டி, இன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு அவர் கை நடுங்கும். அதை யாரும் நடிப்பென்று சொல்லக்கூடாது.

நான் சொன்னபடியே எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்டேன். எல்லாம் நிஜம்.

(ஒப்பம்) எ. மெட்டில்டா