வெள்ளிக்கிழமை ஆட்டம்

வீட்டு வேலைக்குப் பெண்கள் குவைத் போய்வரத் தொடங்கியிருந்த காலம். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ் ஆள் சேரும்வரை நின்றது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

"இடுப்பும் வயிறும்தான் ஆடோணும், தோள் அசையப்படாது. அதுதான் அந்த அரபு ஆட்டம்."

"ஆரடி உனக்குப் பழக்கினது?"

"குவைத்தால வந்த செல்வியக்கா. அங்க கலியாண வீடுகளில ஆடுற ஒராளிட்ட வருசக்கணக்காப் பழகினவா. என்னட்டக் காசு வேண்டாமெண்டு, தன்ர சலங்கைத் துணியையும் என்ர இடுப்பில கட்டிவிட்டவா."

"மாமி இருக்கிற வீட்டிலயோ?"

"மாமி கோயிலுக்குப் போட்டா எண்டு நினைச்சம். திடீரெண்டு அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்திட்டா. நான் தலைமயிர் அவிழ்ந்து, வேர்த்து ஒழுக, இடுப்பைக் குலுக்கிக்கொண்டு நிக்கிறன்."

"ஐயோ! வீட்டை விட்டுக் கலைச்சிருப்பாவே!"

"எங்க? எனக்கு அம்மன் உரு வந்திட்டுதெண்டு காலில விழுந்திட்டா. செல்வியக்கா ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்தினா. 'தாயே, உனக்கு என்ன குறை?' எண்டு மாமி அழுகிறா."

"நீ என்ன சொன்னனீ?"

"வெள்ளிக்கு வெள்ளி வருவன், கதவு சாத்தியிருக்கோணும், செல்வி பக்கத்தில நிக்கோணும் எண்டனான்."

சிரிப்பை அடக்க நான் வெளியே பார்த்தேன். மற்றவள் சிரிக்கவில்லை. பஸ் வெளிக்கிட்ட பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"என்ர மாமியும் நல்ல பக்திதான். எனக்கும் அம்மன் வருமோ எண்டு செல்வியக்காவிட்ட ஒருக்காக் கேட்டுப் பாரன்."